திறப்பு விழா நாள்

மதுரையில் ஒரு கடை திறந்தால், திறந்த நாளை யாரும் மறக்க விடமாட்டார்கள். கல்லாவுக்குப் பின்னால் கல்வெட்டு இருக்கும். ரிப்பன் வெட்டியவர், குத்துவிளக்கு ஏற்றியவர், முதல் விற்பனையைப் பெற்றுக்கொண்டவர் என்று பெயர்கள் அதில் வரிசை கட்டி நிற்கும். இன்டர்நெட் ஊருக்குள் வந்து, கடைக்காரர்களுக்கெல்லாம் வெப்சைட் ஆசை பிடித்தபோது, அந்தக் கல்வெட்டை அப்படியே முதல் பக்கத்தில் போட முடியுமா என்றுதான் அவர்கள் முதலில் கேட்டார்கள்.

முடியும் என்றவர் ராதாகிருஷ்ணன். கோரிப்பாளையம் சந்திப்புக்குப் பக்கத்தில், ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேல் மாடியில் அவருடைய ஆபீஸ். வீட்டில் சௌராஷ்டிரம், ஆபீஸில் தமிழ், போர்டில் மட்டும் இங்கிலீஷ். 'தோரணம்' என்று ஒரு மென்பொருளை அவரே உட்கார்ந்து எழுதியிருந்தார். கம்ப்யூட்டர் தெரியாதவர்கூட அதை வைத்து ஒரு மத்தியானத்தில் வெப்சைட் கட்டிவிடலாம். படத்தை இங்கே போடு, பெயரை அங்கே போடு, திறப்பு விழா நாளை நடுவில் போடு, முடிந்தது. பள்ளிக்கூடம், பாத்திரக்கடை, ஸ்கேன் சென்டர், மாலைப் பத்திரிகை என்று ஊரில் பாதிப்பேர் தோரணம் கட்டிவிட்டார்கள்.

கட்டியவர்கள் அத்தனை பேருக்கும் ஒரே வியாதி, பாஸ்வேர்டு மறந்துவிடும். ராதாகிருஷ்ணன் சாப்பிட உட்காரும் நேரம் பார்த்துத்தான் போன் வரும். மெயில் பார்க்கும் பழக்கம் பாதிப் பேருக்குக் கிடையாது என்பதால் மெயிலில் அனுப்பியும் பிரயோஜனம் இல்லை. அதனால் அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். 'பாஸ்வேர்டு மறந்துவிட்டதா?' என்ற இடத்தைத் தட்டினால், 'தங்கள் நிறுவனம் திறக்கப்பட்ட நாள்?' என்று ஒரு கேள்வி வரும். நாளைச் சரியாகக் கொடுத்தால் புதுப் பாஸ்வேர்டை அங்கேயே வைத்துக்கொள்ளலாம். பொண்டாட்டி பிறந்தநாளை மறந்தாலும் கடை திறந்த நாளை மறக்காத ஊர் இது என்று அவர் பெருமையடிப்பார்.

அந்த நாள்தான் முதல் பக்கத்தின் நடுவில், தங்க நிறத்தில், உலகத்துக்கே தெரியும்படி மின்னிக்கொண்டிருந்தது. வீட்டைப் பூட்டிவிட்டுச் சாவியை வாசலிலேயே ஆணியடித்துத் தொங்கவிட்ட கதை. விற்றவருக்கும் இது தோன்றவில்லை, வாங்கியவர்களுக்கும் தோன்றவில்லை.

மெர்வினுக்குத் தோன்றியது. அவன் ஒரு மிஷன் பள்ளியில் கம்ப்யூட்டர் வாத்தியார். பள்ளியின் வெப்சைட்டும் தோரணம்தான், அதைப் பார்த்துக்கொள்ளும் வேலையை அவன் தலையில் கட்டியிருந்தார்கள். ஒருநாள் பாஸ்வேர்டு மறந்துபோய், அந்தக் கேள்வி வந்து நின்றது. பள்ளி தொடங்கிய நாள் அவனுக்கு நினைவில்லை. முதல் பக்கத்தைத் திறந்தான், நாளைப் பார்த்தான், அடித்தான், உள்ளே போய்விட்டான். போன பிறகுதான், இதே வழியில் யாரும் வரலாமே, எல்லாத் தோரணமும் இப்படித்தானா என்ற சந்தேகம் வந்தது.

மெர்வினிடம் ஒரு கெட்ட குணம் உண்டு. தப்பு ஒன்று கண்ணில் பட்டால், சம்பந்தப்பட்டவரிடம் போய்ச் சொல்லாமல் அவனால் இருக்க முடியாது. அப்பா சின்ன வயதிலேயே போய்விட, அம்மா சகாயமேரி பூசைக்கும், செய்த பாவத்தைச் சாமியாரிடம் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்கும் தவறாமல் அனுப்பி வளர்த்த பிள்ளை. உண்மையைச் சொன்னால் ஒரு கெடுதலும் வராது என்று யாரோ அவனுக்குச் சொல்லிவைத்திருக்கிறார்கள். அவர்களைத் தேடிப் பிடித்து உதைக்க வேண்டும்.

சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள அவன் முதலில் கப்பலூர் போனான். அங்கே தொழிற்பேட்டையில் வண்டிகளுக்கான ரப்பர் புஷ் செய்யும் ஒரு சின்னப் பட்டறை. அதன் முதலாளி கிருபாகரன் அவனுக்கு மாமனாராக வரப்போகிறவர். அவர் மகள் டயானாவுக்கும் மெர்வினுக்கும் நிச்சயமாகி, மே மாதம் கல்யாணம் என்று பேசி முடித்திருந்தார்கள். பட்டறைக்கும் தோரணத்தில் ஒரு வெப்சைட் இருந்தது. மெர்வின் அவர் முன்னாலேயே உட்கார்ந்து, அவர் சம்மதத்தோடு நாளை அடித்து உள்ளே போய்க் காட்டினான்.

"அடப்பாவி, என் கடைக்குள்ள உக்காந்தே என் கடைக்குள்ள பூந்துட்டியே மாப்ள!" என்று கிருபாகரன் சிரித்தார்.

"சிரிக்காதீங்க மாமா. யாரு வேணும்னாலும் இப்படி உள்ள வரலாம். ஊருல இம்புட்டுப் பேரு இதத்தான் வச்சிருக்காங்க. அந்த சார்கிட்டச் சொல்லிட்டு வாரேன்."

"போன்ல சொல்லேன்."

"நேர்ல சொன்னாத்தான் மரியாத, மாமா."

மரியாதைக்காக இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு மறுநாள் கோரிப்பாளையம் போனான். ராதாகிருஷ்ணன் அப்போது விளக்குத்தூண் பக்கத்து ஜவுளிக்கடை முதலாளி ஒருவருக்குத் தோரணத்தின் அருமை பெருமைகளை விளக்கிக்கொண்டிருந்தார். அவர் கிளம்பட்டும், காத்திருக்கிறேன் என்றான் மெர்வின். ராதாகிருஷ்ணன் கேட்கவில்லை. பள்ளிக்கூடத்து வாத்தியார் வந்திருக்கிறார், பாராட்டத்தான் வந்திருப்பார் என்ற நினைப்பு அவருக்கு.

"சும்மா சொல்லுங்க தம்பி. இவரு நம்மாளுதான்."

மெர்வின் குரலைத் தாழ்த்திச் சொன்னான். ராதாகிருஷ்ணனின் முகம் சிரித்தபடியே இருந்தது, காது மட்டும் சிவந்தது.

"அப்படியெல்லாம் யாரும் வந்துற முடியாது தம்பி. இந்தா, எங்க கம்பெனி சைட்டே இருக்கு. உள்ள போயிக் காட்டுங்க பாப்போம்."

காட்டாமல் இருந்திருக்கலாம். இன்னொரு நாள் வருகிறேன் என்று எழுந்திருக்கலாம். மெர்வின் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து காட்டினான். முதல் பக்கத்தில் ராதாகிருஷ்ணனும் அவர் மனைவியும் விளக்கேற்றும் படம், அடியில் தேதி. அதைப் பார்த்து அடித்த கையோடு கம்பெனியின் உள்பக்கம் முழுவதும் திரையில் திறந்துகொண்டது. பின்னால் நின்று பார்த்த வெங்கடேஷ்பாபு, ராதாகிருஷ்ணனின் தங்கை மகன், அங்கே புரோகிராம் எழுதுகிறவன், "அட" என்றான். மாமா திரும்பிப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டான்.

"என்னண்ணே, ஒங்க வீட்டுக்கே கதவக் காணோம், எங்க கடைக்கு எங்குட்டுப் போயிக் கதவு வைப்பீக?" என்று ஜவுளிக்கடைக்காரர் வயிறு குலுங்கச் சிரித்தார். பிறகு வாரேண்ணே என்று எழுந்தவர் போனவர்தான், திரும்பி வரவேயில்லை.

ராதாகிருஷ்ணன் தங்கள் மொழியில் வெங்கடேஷ்பாபுவிடம் ஏதோ சொன்னார். மெர்வினுக்கு அது புரியவில்லை. பிறகு அவனிடம் தமிழில், "ரொம்ப நன்றி தம்பி. ஒங்கள மாதிரி ஆளுக சொன்னாத்தான் எங்களுக்கும் தெரியும். காபி சாப்பிட்டுட்டுப் போங்க" என்றார். மெர்வின் உட்கார்ந்து காபி குடித்தான். நல்ல மனிதர் என்று டயானாவுக்குப் போன் போட்டு வேறு சொன்னான்.

அந்த நல்ல மனிதர் சாயங்காலமே போலீஸில் புகார் கொடுத்துவிட்டார். தங்கள் நிறுவனத்தின் இணையதளத்துக்குள் அத்துமீறி நுழைந்து, வாடிக்கையாளரை மிரட்டி, தொழிலைக் கெடுத்ததாகப் புகார். போலீஸ்காரர்கள் பள்ளிக்கு வந்தபோது மெர்வின் ஒன்பதாம் வகுப்புக்கு மவுஸ் பிடிக்கச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தான். பிள்ளைகள் எழுந்து நின்று, வழக்கப்படி, "வணக்கம் ஐயா" என்று கோரஸாகச் சொன்னார்கள்.

ஸ்டேஷனில் சப் இன்ஸ்பெக்டர் கெட்டவர் ஒன்றுமில்லை. அவருக்கு வேலை சீக்கிரம் முடிய வேண்டும், அவ்வளவுதான்.

"பாஸ்வேர்டு ஒனக்குத் தெரியுமா?"

"தெரியாது சார்."

"தெரியாமலே உள்ள போனியா?"

"போனேன் சார். ஆனா அவருதான் போயிக் காட்டச் சொன்னாரு."

"போனேல்ல?"

"போனேன் சார். அது வந்து..."

"ஏட்டய்யா, போனேன்னு ஒத்துக்கிட்டான். அம்புட்டுதான், எழுதிக்கங்க."

ராதாகிருஷ்ணன் உள்ளே போகச் சொன்னதற்குச் சாட்சி வெங்கடேஷ்பாபு. தான் பார்க்கவில்லை என்று வெங்கடேஷ்பாபு சொல்லிவிட்டான். மாமா வீட்டில் சாப்பிட்டு, மாமாவிடம் வேலை பார்த்து, மாமா மகளைக் கட்டிக்கொள்ளக் காத்திருப்பவன் வேறு என்ன சொல்வான்? ஜவுளிக்கடைக்காரர், போலீஸ் வம்பு எனக்கெதற்கு என்று ராமேஸ்வரம் போய்விட்டார். கிருபாகரன் அலைந்து திரிந்து வக்கீலைப் பிடித்து ஜாமீனில் எடுத்தார்.

மறுநாள் ஊரின் மாலைப் பத்திரிகையில், 'இணையதளத்தில் புகுந்த ஆசிரியர் கைது' என்று கொட்டை எழுத்தில் வந்தது. படம் பள்ளியின் வெப்சைட்டிலிருந்து எடுத்தது, ஆண்டுவிழாவில் மெர்வின் பரிசு கொடுக்கும் படம். பரிசு வாங்கும் பையனை வெட்டிவிட்டு, இவனை மட்டும் போட்டிருந்தார்கள். நிருபர் சுறுசுறுப்பானவர். இந்த பலே ஆசாமி எப்படி நுழைந்தான் என்பதையும் விலாவாரியாக எழுதியிருந்தார். பாஸ்வேர்டு மறந்துவிட்டதா என்ற இடத்தைத் தட்டி, முதல் பக்கத்தில் இருக்கும் திறப்பு விழா நாளைக் கொடுத்து என்று, சமையல் குறிப்பு போல ஒரு வரி விடாமல் அச்சிட்டு ஊர் முழுக்க விற்றார்கள். பத்திரிகையின் வெப்சைட்டிலும் அதே செய்தி ஏறியது. அந்த வெப்சைட்டும் தோரணம்தான், அதன் முதல் பக்கத்திலும் 'நிறுவிய நாள்' என்று தேதி மின்னியது.

செய்தியைப் படித்த வாடிக்கையாளர்கள் சிலர் ராதாகிருஷ்ணனுக்குப் போன் போட்டார்கள். எங்கள் வெப்சைட்டுக்கு ஒன்றும் ஆகாதே?

"அதான் திருடனப் பிடிச்சாச்சே அண்ணே. இனி என்ன பயம்?" என்றார் அவர். போன் போட்டவர்கள் நிம்மதியாக வைத்துவிட்டார்கள். இந்த ஊர்க்காரர்கள் புத்திசாலிகள் இல்லை என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்கு வருவேன். ஆனால் அன்றைக்கு ஒருவருக்குக்கூட, திருடனைப் பிடித்தாலும் சாவி இன்னும் வாசலில்தானே தொங்குகிறது என்று கேட்கத் தோன்றவில்லை.

வெங்கடேஷ்பாபுவுக்குத் தோன்றாமல் இல்லை. "மாமா, அரை நாள் வேலைதான். அந்தக் கேள்விய எடுத்துட்டு மெயில்ல அனுப்புற மாதிரி மாத்திரலாம்" என்றான். ராதாகிருஷ்ணனுக்கும் அது சரியாகப் பட்டதால் வக்கீலிடம் கேட்டார். வக்கீல் பதறிப்போனார். "இப்பப் போயி அதச் சரிபண்ணுனா, ஓட்டை இருந்துச்சுன்னு நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும். கேஸ் முடியிற வரைக்கும் அதத் தொடவே தொடாதீங்க." ஆக, மெர்வின் திருடன் என்று நிரூபணம் ஆகும்வரை ஊரின் அத்தனை கதவும் திறந்தே கிடக்க வேண்டும் என்று முடிவாயிற்று. ராதாகிருஷ்ணன் வழக்கம்போலச் சனிக்கிழமை பெருமாள் கோயிலுக்குப் போய்த் துளசி வாங்கிக் கொண்டுவந்தார்.

பள்ளித் தாளாளர் ஃபாதர் மெர்வினைக் கூப்பிட்டு, அன்பாகத் தோளில் கை போட்டு, வழக்கு முடியும்வரை நீங்கள் பள்ளிக்கு வர வேண்டாம் என்றார். உங்களை நான் நம்புகிறேன், பெற்றோர்தான் பேசுகிறார்கள் என்றார். நம்புகிறவர் நம்புகிறேன் என்று நாலு பேர் முன்னால் சொல்லியிருக்கலாம். அறைக்கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்.

ஏப்ரல் கடைசியில் மாதா கோயிலில் ஓலை வாசிப்பு தொடங்கியது. மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசை முடிவில் மணமக்கள் பெயரை வாசித்து, இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குக் குருவிடம் தெரிவிக்கலாம் என்று அறிவிப்பார்கள். எப்போதும் காதில் விழாமல் போகும் வரிதான். மெர்வின் பெயரை வாசித்ததும் கோயில் முழுக்க அமைதியானது. முன்வரிசையில் ஒரு பெண்மணி திரும்பி அவனைத் தேடினாள், அவள் தேடுவதைப் பார்த்து மற்றவர்களும் திரும்பினார்கள். சகாயமேரி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, தரையைப் பார்த்தபடி நின்றாள். யாரும் தடை சொல்லவில்லை. வெளியே வந்து கை குலுக்கவும் யாரும் வரவில்லை.

இதற்கிடையில் கோயம்புத்தூரில் ஒரு கம்பெனி அவனை இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டது. கேட்ட கேள்விக்கெல்லாம் மெர்வின் நன்றாகப் பதில் சொன்னான். கடைசியில் அந்த அதிகாரி மானிட்டரை அவன் பக்கம் திருப்பினார். கூகுளில் அவன் பெயரைப் போட்டிருந்தார். முதலில் வந்து நின்றது அந்தச் செய்தி, படத்தோடு.

"இது நீங்கதானா?"

"நான்தான் சார். ஆனா நடந்தது வேற..."

"பரவால்ல" என்றார் அவர். "பஸ்ஸுக்கு நேரமாச்சுல்ல? கிளம்புங்க."

திரும்பி வந்ததும் மெர்வின் பத்திரிகை ஆபீஸுக்குப் போனான். செய்தியை எடுத்துவிடுங்கள், அது உண்மையில்லை என்று கேட்டான். கோர்ட் விடுதலை செய்யட்டும், அதையும் போடுகிறோம் என்றார் ஆசிரியர். அவர் மேஜையில் கம்ப்யூட்டர் இருந்தது, அதில் பத்திரிகையின் முதல் பக்கம், நடுவில் தேதி. உங்கள் வீடும் திறந்துதான் கிடக்கிறது ஐயா என்று சொல்ல அவனுக்கு நாக்கு நுனிவரை வந்தது. போன முறை இப்படிச் சொல்லப்போய்த்தான் இந்தக் கதி. வாயை மூடிக்கொண்டு படியிறங்கினான். அன்றைக்குத்தான் முதல்முறையாக அவனுக்கு அழுகை வந்தது, தெருவில் வைத்தே அழுதான்.

டயானா அவனை வண்டியூர் தெப்பக்குளத்துக்கு வரச்சொன்னாள். ஒரு பேங்க்கில் கிளார்க் அவள், எதையும் சுற்றி வளைக்காமல் பேசுகிறவள். தண்ணீர் இல்லாத குளத்துக்குள் பையன்கள் ஸ்டம்ப் நட்டு கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். இருவரும் சுற்றுச்சுவரில் உட்கார்ந்தார்கள்.

"அந்தச் செய்திய எடுத்துட்டா வேலை கெடைக்குமா?"

"கெடைக்கும்னுதான் தோணுது. பேரப் போட்டாலே அதுதான் வருது."

"அப்ப அழிச்சிருங்க."

"என்னது?"

"அவங்க சைட்டும் அதே தோரணம்தான? அதே தேதிதான? நீங்க உள்ள போயி அத மட்டும் அழிச்சிட்டு வந்துருங்க. யாருக்குத் தெரியப் போகுது?"

மெர்வின் அவளை நம்ப முடியாமல் பார்த்தான். "நான் திருடன் இல்லைன்னுதானே டயானா இம்புட்டும் பட்டுக்கிட்டு இருக்கேன்? அத அழிச்சா அவங்க சொன்ன ஆளு நாந்தான்னு ஆயிரும்."

"இப்ப மட்டும் என்னவாம்? ஊரே அப்படித்தான் சொல்லுது. தப்பே செய்யாம பேரு கெட்டதுக்குச் செஞ்சுட்டுக் கெட்டா வேலையாச்சும் மிஞ்சும்."

"ஊரு சொல்லிட்டுப் போகட்டும். நீ சொல்லலைல்ல? எனக்கு அது போதும்."

அவள் ஸ்கூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தாள். குளத்துக்குள் யாரோ அவுட்டாகி ஒரே கூச்சல். எனக்காக இதைக்கூடச் செய்யமாட்டீர்களா என்று போகும்போது ஒருமுறை கேட்டாள். செய்யமாட்டேன் என்று அவன் சொன்னான். அவள் ஸ்கூட்டியைக் கிளப்பிக்கொண்டு போனாள், திரும்பிப் பார்க்கவில்லை.

கிருபாகரன் வேறு வழியில் முயன்றார். கப்பலூரில் பட்டறை வைத்திருக்கும் சௌராஷ்டிரா நண்பர் ஒருவரைப் பிடித்து ராதாகிருஷ்ணனிடம் தூது போனார். ராதாகிருஷ்ணனுக்கும் கோர்ட்டுக்கு அலைவது அலுத்துப்போயிருந்தது. கல்யாணம் வைத்திருக்கிற வீடு, பாவம் என்று அவர் மனைவியும் சொன்னாளாம். தெரியாமல் செய்துவிட்டேன் என்று பையன் ஒரு வார்த்தை சொல்லட்டும், திங்கட்கிழமை ஸ்டேஷனுக்கு வந்து புகாரை வாபஸ் வாங்குகிறேன் என்றார். தெரிந்தேதானே செய்தேன், அவர் சொல்லித்தானே செய்தேன் என்று மெர்வின் முரண்டு பிடித்தான். சகாயமேரி அவன் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சிய பிறகு சம்மதித்தான். வழக்கே இல்லை என்றால் பத்திரிகையும் செய்தியை எடுத்துத்தானே ஆக வேண்டும் என்று நினைத்தான். பெயர் திரும்பிவிடும்.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் அவன் நெட் சென்டருக்குப் போய் இரண்டு கம்பெனிகளுக்கு விண்ணப்பம் அனுப்பினான். கடைக்காரர் அவனை அடையாளம் கண்டு, மற்றவர்களுக்குக் கேட்கும்படி, "சார், என் கடைய விட்ருங்க" என்று கேலி செய்தார். எல்லோரும் சிரித்தார்கள், அவனும் சிரித்துவைத்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஊரில் தோரணம் கட்டிய ஒரு வெப்சைட்கூட மிஞ்சவில்லை. பள்ளிக்கூடம், பாத்திரக்கடை, ஸ்கேன் சென்டர் எதைத் திறந்தாலும் ஒரு கழுதைப் படம். அடியில், தங்க நிறத்தில், 'இன்று திறப்பு விழா' என்று எழுதியிருந்தது. உள்ளே இருந்ததெல்லாம் துடைத்து எடுக்கப்பட்டிருந்தது. ராதாகிருஷ்ணனிடம் வேறு பிரதி கிடையாது. பத்திரிகையின் வெப்சைட்டிலும் கழுதைதான். பழைய செய்திகள் அத்தனையும் போயிருந்தன, அவற்றோடு மெர்வினைப் பற்றிய செய்தியும் போயிருந்தது.

யார் செய்தது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. எப்படிச் செய்வது என்று பத்திரிகையே எழுதிக் கொடுத்திருந்தது, தமிழ் வாசிக்கத் தெரிந்த எவன் வேண்டுமானாலும் செய்திருக்கலாம். ஆனால் ஊர் அவ்வளவு தூரம் யோசித்து மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. சனிக்கிழமை மெர்வினை நெட் சென்டரில் பார்த்தவர்கள் இருந்தார்கள். அவன் செய்திதான் காணாமல் போயிருந்தது. வேறு யாருக்கு இதில் லாபம்?

"நான் அன்னைக்கே சொன்னேன்ல?" என்று ராதாகிருஷ்ணன் தன் ஆபீஸில் கூடியிருந்த வாடிக்கையாளர்களிடம் சொன்னார். பல வருட உழைப்பு போன துக்கம் நிஜம்தான். ஆனால் அந்தக் குரலில் ஒரு நிம்மதியும் இருந்தது. ஓட்டையைப் பற்றி இனி யாரும் கேட்கப் போவதில்லை. அத்தனை பேருக்கும் புதிதாகக் கட்டித்தருவதாக அவர் வாக்குக் கொடுத்தார். பாஸ்வேர்டு மறந்தால் மெயிலில் வருமாம். வாபஸ் என்ற பேச்சை எடுத்த தூதரிடம், "அந்தப் பய பேரை என் முன்னால சொல்லாதீக" என்றார்.

கிருபாகரன் மத்தியானம் மெர்வின் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொன்னபோது உட்காரவில்லை.

"ஏன் மாப்ள, என் சைட்டையுமா?"

"மாமா, நான் செய்யல."

"பத்திரிகைக்காரன் பண்ணுன அநியாயத்துக்கு அவன அழிச்ச, சரி. நான் ஒனக்கு என்னய்யா பண்ணுனேன்? ஒனக்காகத்தானே நாயா அலைஞ்சேன்?"

மெர்வின் வேதாகமத்தின் மேல் கை வைத்துச் சத்தியம் செய்யப்போனான். சகாயமேரி ஓடிவந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். "வேணாம்ப்பா, பொய்ச்சத்தியம் மட்டும் வேணாம். சாமியார்கிட்டப் போயிப் பாவசங்கீர்த்தனம் பண்ணிரு. ஆண்டவர் மன்னிச்சிருவாரு." அம்மாவே இப்படிச் சொன்னதும் அவன் கையை இழுத்துக்கொண்டான். கல்யாணத்தைத் தள்ளிவைக்கலாம் என்று சொல்லிவிட்டு, காபியைத் தொடாமல் கிருபாகரன் போய்விட்டார்.

சாயங்காலம் டயானா வந்தாள். ஸ்கூட்டிச் சத்தம் கேட்டதுமே மெர்வின் வாசலுக்கு ஓடினான். அவளிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும். இவன் செய்யமாட்டேன் என்று மறுத்ததை நேரில் கேட்டவள் உலகத்திலேயே அவள் ஒருத்திதான். அதற்காக அவனிடம் கோபித்துக்கொண்டு போனவளும் அவள்தான். அவளுக்குத் தெரியாதா?

அவள் முகமெல்லாம் மலர்ந்திருந்தது. நிச்சயதார்த்தம் அன்றுகூட அவள் அப்படிச் சிரித்து அவன் பார்த்ததில்லை. படியேறி வந்து, சகாயமேரி உள்ளே இருக்கிறாள் என்றுகூடப் பார்க்காமல், அவன் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"செஞ்சுட்டீங்கல்ல?" என்றாள், கண்ணில் தண்ணீரோடு. "எனக்காகத்தானே?"

"இல்ல டயானா."

"அப்பா கல்யாணத்த நிறுத்தணும்கிறாரு. முடியாதுன்னுட்டேன். எனக்காக இம்புட்டுத் துணிஞ்சவர விட்டுட்டு யாரக் கட்டிக்கிறதுன்னு கேட்டேன்."

"டயானா, இங்க பாரு. நான் எதையும் செய்யல. சத்தியமா நான் இல்ல."

அவன் குரல் உடைந்தது. உதடு நடுங்க, கண் நிறைய, அவள் முகத்தையே பார்த்தபடி நின்றான். டயானா ஒரு நிமிஷம் அவனை உற்றுப் பார்த்தாள். பிறகு தெருவில் யாராவது கேட்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டு, அவன் கன்னத்தைப் பிரியமாகத் தட்டிக்கொடுத்தாள்.

"அப்படித்தான். கோர்ட்லயும் இதே மாதிரி சொல்லுங்க" என்றாள். "இம்புட்டு நல்லா சொன்னீங்கன்னா, எல்லாரும் நம்பிருவாங்க."